பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு வருகிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது

குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், களியக்காவிளைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 71. கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. மூத்த மகன் மஸ்கட்டில், மகள் பெங்களூரில், இளைய மகன் திருவனந்தபுரத்தில். வருடம் முழுக்க வீட்டில் இவர் ஒருத்திதான். டிசம்பர் மூன்றாம் வாரம் வந்துவிட்டால் அதே வீட்டில் பதினொரு பேர்.

அவருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை, இரத்த அழுத்தம். முழங்கால் இரண்டும் தேய்ந்திருக்கின்றன. ஆனாலும் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, நெய்யப்பம், பண்டிகை நாள் சாப்பாடு எல்லாம் அவர் கையால்தான். பெரிய மகன் குடும்பத்துக்குத் தன் அறையைக் கொடுத்துவிட்டு ஹாலில் பாய் விரித்துப் பேரப்பிள்ளைகளோடு படுத்துக்கொள்கிறார்.

போன கிறிஸ்துமஸ் அன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடியற்காலை ஆராதனைக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் நேராக அடுக்களை. பத்து மணி வாக்கில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கண் இருண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் தின்ற பலகாரத்தால் சுகர் கூடிவிட்டது என்று நினைத்து, டப்பாவைத் தேடி இன்னொரு மாத்திரையும் போட்டிருக்கிறார். பேத்தி தற்செயலாகக் கொண்டுவந்த சீனிக் காப்பியைக் குடித்த பிறகு கொஞ்சம் தெளிந்தது. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் கேட்பவை இவை. பிள்ளைகள் வருமுன்பே பாறசாலையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடலாமா? பக்கத்து வீட்டு அக்கா தரும் தூக்க மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா? எல்லாரும் போனபின் ஜனவரியில் வாரக்கணக்கில் அழுகை வருகிறதே, இது மனநோயா? கூடவே, இந்தத் தடவை எல்லாரும் இருக்கும்போதே வீட்டுப் பிரமாணத்தை, அதாவது பத்திரப் பதிவை, முடித்துவிடலாம் என்று மூத்த மகன் போனில் சொன்னதையும் ஒரு வரியில் எழுதியிருக்கிறார். “பிள்ளைகள் வருவதை நினைத்துப் பயப்படுகிற தாய் உண்டா டாக்டர்?” என்று கடிதம் முடிகிறது.

உண்டு டீச்சர், நிறையப் பேர் உண்டு. என்னிடம் வருகிற முதியவர்களில் பலர் டிசம்பரில் முழங்கால் வலி, பசியின்மை, தலை கனம் என்று சொல்லித் தொடங்குவார்கள். கொஞ்சம் பேச விட்டால் விஷயம் வெளியே வரும். உங்கள் பயம் பிள்ளைகளைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை. போன வருடம் அடுக்களைத் தரையில் உட்கார்ந்தபோது, இந்த உடம்பு இனிமேல் இதைத் தாங்காது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அது பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்த வருடமும் தெரியாமலேயே சமாளிக்கப் பார்க்கிறீர்கள். அதனால் முதலில் அந்தக் காலை நடந்ததைப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம்.

அன்று சர்க்கரை கூடவில்லை, இறங்கியது

நீங்கள் எழுதி அனுப்பிய மாத்திரையில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் சேர்ந்திருக்கிறது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா, கோயிலில் நின்றுகொண்டிருக்கிறீர்களா என்று அது பார்க்காது. இருட்டோடு மாத்திரை போட்டு, வெறும் வயிற்றோடு ஆராதனையில் நின்று, வந்து அடுப்பு முன்னால் வேலை பார்த்தால் பத்து மணிக்கு என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. வியர்வை, நடுக்கம், கண் இருட்டல் மூன்றும் சர்க்கரை தாழ்ந்ததற்கான அடையாளங்கள். அந்த நேரத்தில் நீங்கள் போட்ட இரண்டாவது மாத்திரை பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும். சீனி போட வேண்டாம் என்று பேத்திக்குத் தெரியாமல் போனது நல்லதாயிற்று.

வீட்டில் சோதிக்கும் கருவி இருந்தால் 70க்குக் கீழே காட்டுவது தாழ்வு. கருவி இல்லை, ஆனால் இந்த அறிகுறிகள் இருக்கின்றன என்றால் தாழ்வு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்தும் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் இரண்டு இட்லியோ ஒரு துண்டு புட்டோ சாப்பிட்டே ஆக வேண்டும். இந்த மாத்திரையின் வேலை பல மணி நேரம் நீடிப்பதால் சர்க்கரை மறுபடி இறங்கலாம். அவசரத்துக்கு முந்திரிக்கொத்தை எடுத்து வாயில் போடாதீர்கள். எண்ணெயில் பொரித்தது, தேங்காய் சேர்ந்தது, அதில் இருக்கிற இனிப்பு இரத்தத்தில் கலக்க நேரமாகும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும். இது வீட்டில் பெரியவர் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவேனும் நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பண்டிகை நாளில் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது, அளவைக் குறைக்க வேண்டுமா என்று உங்களை வழக்கமாகப் பார்க்கிற மருத்துவரிடம் டிசம்பர் பத்துக்குள் போய்க் கேளுங்கள். போன வருடம் நடந்ததை அவரிடம் மறைக்காதீர்கள். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனையும், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் சோதனையும் எடுத்துக்கொண்டு போங்கள். எழுபது தாண்டியவர்களுக்குச் சர்க்கரையை இளம் வயதுக்காரர் அளவுக்கு இறுக்கிப் பிடிப்பதை விட, தாழ்ந்து விழாமல் பார்ப்பது முக்கியம். உங்கள் மருந்தையே அவர் மாற்றக்கூடும்.

இன்னொன்று. அன்று வந்த வியர்வை சர்க்கரைத் தாழ்வால்தான் என்று உங்கள் விவரிப்பை வைத்துச் சொல்கிறேன். ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, மாரடைப்பு பெரிய நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். திடீர் வியர்வை, மூச்சிரைப்பு, மேல் வயிற்றில் அழுத்தம், தாடையிலோ தோளிலோ வலி என்று காட்டும். நாம் அதைக் ‘கேஸ்’ என்போம். ஸ்வீடனில் 1998 முதல் 2013 வரையிலான மாரடைப்புகளை எடுத்து ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வெளியானது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாரடைப்பு 37 சதவீதம் கூடியிருந்தது. 75 வயதைக் கடந்தவர்களிடமும் சர்க்கரை உள்ளவர்களிடமும் அந்தக் கூடுதல் தெளிவாகத் தெரிந்தது. ஸ்வீடன்காரர்களுக்கு 24ஆம் தேதி இரவுதான் பெரிய கொண்டாட்டம். அவர்கள் குளிர் வேறு, சாப்பாடு வேறு, சரி. ஆனால் தூக்கம் கெட்ட உடம்பு, கனமான சாப்பாடு, மன அழுத்தம், ‘பண்டிகை முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்’ என்கிற நினைப்பு, இவை நம் வீட்டிலும் உண்டு. சீனித் தண்ணீர் குடித்தும் வியர்வையும் மூச்சிரைப்பும் அடங்காவிட்டால் காத்திருக்காதீர்கள். வீட்டில் விருந்தாள் இருக்கிறார்கள் என்று பார்க்கவும் வேண்டாம்.

கருப்பட்டியும் கடை மாத்திரையும்

கருப்பட்டி போட்டுச் செய்தால் சுகர் ஏறாது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். பனையிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் உடம்புக்குள் போனால் அது சர்க்கரைதான். முந்திரிக்கொத்தில் இருக்கிற சிறுபயறு நல்லது. பாகும், மேலே முக்கிப் பொரிக்கிற அரிசி மாவும் அந்த நன்மையைத் தின்றுவிடும். தின்னவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், ஒன்று போதும். சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு வாங்கி டிசம்பர் முழுக்கப் போடுகிறீர்களே, அது இதைவிட மோசம். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் புண் வைக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் சர்க்கரை மாத்திரை வெளியேறாமல் உடம்பில் தங்கி, சர்க்கரை இன்னும் தாழும். வலிக்குப் பாரசிட்டமால், மேலே தடவும் களிம்பு ஆகியவற்றை முதலில் கேட்டுப் பாருங்கள். கீழே குந்தி இருந்து தேங்காய் திருவுவதை இந்த வருடத்தோடு விட்டுவிடுங்கள். முழங்காலுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

அறையை விட்டுக்கொடுக்காதீர்கள்

இதில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். வருடம் முழுக்க நீங்கள் படுக்கிற கட்டில், கையெட்டும் தூரத்தில் குளியலறை, கண்ணை மூடிக்கொண்டே போடத் தெரிந்த லைட்டு சுவிட்ச், இதையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மகனுக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் தரையில் படுக்கிறீர்கள். தேய்ந்த மூட்டோடு பாயிலிருந்து எழுந்து, பிள்ளைகளைத் தாண்டி, திறந்து கிடக்கிற பெட்டிகளைத் தாண்டி, பின்கட்டுக் குளியலறைக்கு இரவில் இரண்டு மூன்று முறை போகிறீர்கள். அந்தத் தரை ஈரமாகவும் இருக்கும். இப்படிப்பட்ட இரவில் ஒருமுறை வழுக்கினால் இடுப்பெலும்பு முறிந்துவிடலாம்.

மகனுக்கு முதுகுவலி, அவன் எப்படித் தரையில் படுப்பான் என்று கேட்பீர்கள். நாற்பத்து மூன்று வயது முதுகு ஒரு மெத்தையில் சமாளிக்கும். பேத்தி வேண்டுமானால் உங்கள் அறையில் வந்து படுக்கட்டும்.

பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரை வேண்டவே வேண்டாம். நீங்கள் எழுதிய பெயர் அல்ப்ரஸோலம். வயதானவர்களுக்கு அது தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் தரும், விழ வைக்கும், சீக்கிரம் பழக்கமாகிவிடும். தூக்கம் கெடுவதற்குக் காரணம் எழுதியிருக்கிறீர்கள்: கேரல் ரவுண்ட்ஸ் நடு இரவில் கொட்டடித்துக்கொண்டு வருகிறது, வெடிச் சத்தம், விடியும் முன் ஆராதனை, மனதில் வேலைக் கணக்கு. கேரல் குழு வரும் நாளில் கதவு திறந்து கட்டன்சாயா கொடுக்க இளைய மகன் இருக்கிறான் அல்லவா? அதற்கு நீங்கள் விழித்திருக்க வேண்டாம். 25ஆம் தேதி அதிகாலையில் எழ வேண்டியிருந்தால் 24 மதியம் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திப் படுத்துவிடுங்கள்.

தங்கை வீட்டுக்குப் போவதா?

போகலாம், அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் காரணம் சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மஸ்கட்டிலிருந்து டிக்கெட் எடுத்து வருகிறவனுக்கு அம்மா வீட்டில் இல்லை. மருமகள் ஏதோ சொல்லியிருப்பாள் என்று மகள் நினைப்பாள், மகள்தான் ஏதோ சொன்னாள் என்று மருமகள் நினைப்பாள். நீங்கள் பாறசாலையில் உட்கார்ந்துகொண்டு போனில் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருப்பீர்கள். ஓய்வும் கிடைக்காது. பழையபடி எல்லாவற்றையும் நீங்களே இழுத்துப் போட்டுச் செய்வது உடம்புக்கு ஆகாது, அதை மேலேயே பேசிவிட்டோம். திருவனந்தபுரம் மகன் வீட்டில் எல்லாரும் கூடலாம் என்பது மூன்றாவது வழி. ஒரு நாள் சாப்பாட்டுக்கு நல்ல யோசனை. இரண்டு வாரத்துக்கு இரண்டு படுக்கையறை ஃபிளாட் போதாது.

நான் சொல்வது இது: வீட்டிலேயே இருங்கள், வேலையைக் கொடுத்துவிடுங்கள், அதை இப்போதே சொல்லுங்கள். அவர்கள் வந்து இறங்கிய பிறகு சொன்னால் அது புகாராகக் கேட்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் ஒரே வீடியோ காலில் கூப்பிட்டு, நீங்கள் பேசுகிற பேச்சிலேயே சொல்லுங்கள்: “மக்களே, போன கிறிஸ்மஸுக்கு நான் அடுக்களையில தலைசுத்தி இருந்துட்டேன். உங்ககிட்ட சொல்லல. இந்த வருசம் ஒத்தைக்கு என்னால முடியாது. யாரு என்ன செய்யப்போறீங்கன்னு வாறதுக்கு முன்ன சொல்லுங்க.” இவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்டுத் தொடங்காதீர்கள். ‘எனக்கொண்ணும் இல்ல, வயசாச்சுல்லா’ என்று முடிக்கவும் செய்யாதீர்கள், அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் அவர்கள் நிம்மதியாக மறந்துவிடுவார்கள்.

முந்திரிக்கொத்து நீங்கள் செய்யாவிட்டால் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வந்த மாதிரியே இருக்காது என்கிறீர்கள். பாதி உண்மை. மீதிப் பாதியில் உங்கள் பெருமையும் கொஞ்சம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். மருமகளுக்குப் பாகுப் பதம் தெரியாது என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எங்கே தெரியும், நீங்கள் அடுப்புப் பக்கம் விட்டால்தானே? பயறு வறுக்கவும் பொடிக்கவும் மில்லுக்குக் கொடுத்துவிடுங்கள். 22ஆம் தேதி சாப்பாட்டு மேசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பதம் சொல்லிக்கொடுத்து, உருண்டை பிடிக்கிற வேலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாவில் முக்கி மும்மூன்றாக எண்ணெயில் விடுகிற வேலை மகனுக்கும் மருமகளுக்கும். முதல் ஈட்டில் உருண்டைகள் ஒட்டாமல் பிரிந்து தனித்தனியாக மிதக்கும், மாவு தண்ணியாகிவிட்டது என்று உங்களுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். எழுந்து போகாமல், இன்னும் ஒரு கை மாவு போடு என்று சொன்னால் போதும். அச்சுமுறுக்கையும் நெய்யப்பத்தையும் ஊரில் வீட்டில் செய்து விற்கிற பெண்களிடம் சொல்லி வாங்குங்கள். 25 மதியச் சாப்பாடு ஆண் மக்கள் இருவர் பொறுப்பு. செய்கிறார்களோ, மார்த்தாண்டத்தில் ஆர்டர் கொடுக்கிறார்களோ, அது அவர்கள் பாடு.

செலவைப் பற்றியும் அதே காலில் பேசிவிடுங்கள். பென்ஷன் வருகிறதே என்று மூன்று பேரும் சும்மா இருக்கிறார்கள். கேட்டால் கொடுப்பார்கள்.

பிரமாணம்

சட்டம் என் துறை இல்லை, ஆனால் இந்தக் கேள்வி மருத்துவர்களிடமும் நிறைய வருகிறது. பண்டிகைக்கு நடுவில், எல்லாரும் கிளம்பும் அவசரத்தில், தூக்கம் கெட்ட உடம்போடு எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வேண்டாம். உங்கள் காலத்துக்குப் பிறகு யாருக்கு என்று உயில் எழுதினால் உயிரோடு இருக்கும்வரை அதை மாற்றலாம். செட்டில்மெண்டாக, அதாவது இப்போதே சொத்தைக் கொடுத்துவிடும் பத்திரமாக, எழுதிப் பதிந்துவிட்டால் பொதுவாக நீங்களாக அதை ரத்து செய்ய முடியாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு ஒரு பாதுகாப்பு தருகிறது: கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாதது ஆக்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருப்பது முக்கியம். உங்கள் மகன் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறான் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு லீவில்தான் எல்லா வேலையும் முடிக்கத் தோன்றும். “பிப்ரவரியில வக்கீலப் பாத்துட்டு சொல்றேன் மக்களே” என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண்ணில் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை கேட்கலாம்.

ஜனவரி

நட்சத்திரம் கட்டுவதும் குடில் வைப்பதும் உங்கள் கணவர் வேலை, இப்போது பரணில் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பதினொரு பேர் நடுவில் அவர் இல்லாதது கூடுதலாகத் தெரியும். மூன்று வருடம் ஆயிற்றே, இன்னுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்கிறீர்கள். இதற்குக் கெடு ஒன்றும் கிடையாது. அவர்கள் இருக்கும்போதே ஒரு நாள் எல்லாருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். அவரைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் முன்னால் அப்பா பேச்சை எடுக்கப் பிள்ளைகளும் பயந்துகொண்டிருக்கலாம்.

எல்லாரும் போனபின் நாலைந்து நாள் அழுகை வருவது நோய் இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் மனம் கனத்து, கோயிலுக்கும் போகப் பிடிக்காமல், சாப்பாடு இறங்காமல், நடு இரவில் விழித்துக் கிடந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். முதியவர்களிடம் அது அழுகையாக வராமல் உடம்பு வலியாகவும் மறதியாகவும்கூட வரும். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, மருந்து போடுவதால் பைத்தியம் என்று ஆகிவிடாது. வாழ்ந்து பயன் என்ன என்ற நினைப்பு வந்தால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

தங்கை வீட்டுப் பயணத்தை ஜனவரிக்கு மாற்றிவிடுங்கள். மூத்த மகன் கிளம்புகிற நாளுக்கு மறுநாளே, ஒரு வாரத்துக்கு. தேதியை இப்போதே தங்கையிடம் சொல்லிவையுங்கள். மாத்திரை டப்பாவையும் சோதனைக் கருவியையும் பையில் எடுத்துவைக்க மறக்காதீர்கள். எச்பிஏ1சி முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.